ஊரப்பாக்கத்துக்கு வந்த வேன்

எங்கள் மலேசியாவில் அப்போது அரசாங்கம், நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று ஆராய்ந்து மேலிடத்துக்கு எழுதி அனுப்புவது என் வேலை. மேலிடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்படி இரண்டு பக்கமும் கேளாத காதுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த என்னை, மக்கள்தொகை ஆய்வுகளை ஆள்வோருக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துச் சொல்வது எப்படி என்ற பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி நடந்தது, குறைவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருந்த நாட்டில். சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்த சேலையூரில். எண்பதுகளின் கடைசி அது.

மீனம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, பேச்சுத் துணைக்கு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மேடம், ஃபாரினா? சொந்தக்காரங்கள பாக்க வந்துகிறீங்களா?"

"இல்லை. மக்கள்தொகை பற்றி ஒரு பயிற்சி."

அவர் முகம் மாறியது. "எனக்கு ஆயிட்ச்சு மேடம்."

"என்ன ஆயிற்று?"

"அதான்… ஆபரேசன். ரெண்டு பசங்க. சின்னவன் பொறந்தவொடனே பண்ணிக்கினேன். சர்டிபிகேட்டு வூட்ல கீது, வோணும்னா எட்தாந்து காட்றேன்."

நான் அதற்கு வரவில்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு வந்த?"

கேள்வியில் நியாயம் இருந்தது. மக்கள்தொகை என்றால் பிறப்பு மட்டுமில்லை, இறப்பும் இடப்பெயர்வும் உண்டு என்று விளக்கத் தொடங்கினேன். கேட் திறந்துவிட்டது. பின்னாலிருந்த பஸ் அடித்த ஹாரனில் என் முதல் உரை முடிந்தது.

மறுநாள் காலை கேன்டீனில், "பசியாற எங்கே உட்காரணும்?" என்று கேட்டேன். எங்கள் ஊர் ஈப்போவில் காலை உணவை அப்படித்தான் சொல்வோம். பரிமாறுகிறவர் யோசித்துவிட்டு, "பசி ஆறினப்புறம் எதுக்கும்மா உக்காரணும்?" என்றார். பிறகு டிபன் என்ற வார்த்தையைக் கற்றுக்கொடுத்து, பொங்கலும் வைத்தார். ஊரில் நான் குடிப்பது பால் சேர்க்காத கறுப்புக் காப்பி. இங்கே அதைக் கேட்டதும், "உடம்பு சரியில்லையா?" என்றார்.

பயிற்சியாளர் டெல்லியிலிருந்து வந்திருந்தார். நல்ல உயரம், வானொலிக் குரல். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. சுருக்கமாகவும் எளிமையாகவும் பேசுவதன் அவசியத்தை அவர் ஆங்கிலத்தில் மதியச் சாப்பாடு வரை விளக்கினார். சாரம் இதுதான்: அதிகாரிக்கு நேரம் இல்லை, ஆகவே ஒரே படம், ஒரே வாக்கியம். சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதைப் படிப்பதோடு நிற்காமல், ஓர் உண்மையான ஆய்வை உண்மையான அதிகாரியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்களுக்கான தேர்வு.

அந்த உண்மையான ஆய்வு ஜெயசீலனுடையது. சேலையூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேதம் வாசிப்பவர் என்பது அவர் பேச்சிலேயே தெரியும். எந்த வாக்கியத்தையும் அவசரப்பட்டு முடிக்க மாட்டார். தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் அவர் கண்டது எளிமையான விஷயம். அங்கே ஜனம் கூடுவது அதிகம் பெற்றுக்கொள்வதால் அல்ல. சென்னையில் வாடகை கொடுக்க முடியாத இளம் தம்பதிகள் மனை வாங்கியோ வாடகைக்கோ வந்து குடியேறுகிறார்கள். ஒன்றோ இரண்டோ போதும் என்பவர்கள்தான். ஆனால் எல்லோருமே பிள்ளை பெறும் வயது. அவர்களைப் பார்க்க இருப்பதோ, பழைய கிராமக் கணக்குப்படி போட்ட ஒரே நர்ஸ்.

"ரிப்போர்ட்ட எல்லாருக்கும் அனுப்பினேன் மேடம்" என்றார் ஜெயசீலன். "ஒரு ஆபீஸ்ல ஜன்னல் காத்துல சாத்திக்காம இருக்க அதைத்தான் முட்டு குடுத்திருந்தாங்க. உபயோகமாத்தான் இருக்கு."

அடுத்த நாள் இடத்தை நேரில் பார்க்க அவருடன் ஊரப்பாக்கம் புறப்பட்டேன். தாம்பரத்துக்கு அப்பால் ரயில் எப்போதாவதுதான். பஸ்ஸில் ஏறினோம். ஏற முடிந்ததே தவிர, ஊரப்பாக்கத்தில் இறங்க முடியவில்லை. எனக்கும் படிக்கும் இடையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம், அண்டாவோடு. கூடுவாஞ்சேரியில் அவர்கள் இறங்கினார்கள். அந்த வேகத்தில் நாங்களும் இறங்கினோம். ஈப்போவில் நிறுத்தம் தவறினால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம். ஜெயசீலன் கையைக் காட்டி ஒரு செங்கல் லாரியை நிறுத்தினார்.

"ஊரப்பாக்கம்தான? ஏறு சார்" என்றார் லாரிக்காரர். "எனக்கு அங்கதான் டெய்லி சவாரி. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரு வூடு எழும்பிகினே கீது. எங்கேர்ந்துதான் வர்றாங்களோ!"

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். "என் ரிப்போர்ட்டோட சுருக்கம் இதுதான் மேடம்."

மனைக்கற்களும் முட்செடிகளும், நடுநடுவே பூசாத புது வீடுகளும். முதல் வீட்டில் கதவு தட்டினோம். பாதிக் கதவு திறந்தது. நிறைமாத வயிறோடு ஒரு பெண் நின்றாள். என் தோள்பையையும் கையிலிருந்த பேனாவையும் பார்த்தவள், "நாங்க கட்டுப்பாடாதான் இருக்கோம். இதுதான் மொதல் கொழந்தை" என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனாள்.

"நான் மலேசியாவிலிருந்து வந்திருக்கேன்மா."

"மலேசியாவிலேர்ந்தா? இதுக்கா?" கதவு முழுவதும் திறந்தது. "உள்ள வாங்கக்கா. வெயில்ல நிக்காதீங்க."

அவள் பெயர் கமலா. கணவன் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்கள், நாலு மாதம் முன்பு இங்கே வந்திருக்கிறார்கள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொல்லைப் பக்கம் போய் வரும்போது செருப்பு காலில் ஏறாமல் இழுபட்டது.

"நர்ஸம்மா வருவாங்களா?" என்று கேட்டேன்.

"பழைய ஊருக்கு வருவாங்களாம். அவங்க லிஸ்ட்ல நாங்க இல்லியாம். செக்கப்புக்குத் தாம்பரம் போகணும். போன மாசம் பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். இந்த மாசம் போகல, பயமா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இவர் இல்லாதப்ப வலி வந்தா என்ன பண்றதுன்னே தெரியலக்கா. நீங்க பெரிய ஆளுங்ககிட்ட எல்லாம் பேசுவீங்களே. ஒரு நர்ஸம்மா வாரத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு சொல்லுங்க" என்றாள்.

சொல்வதற்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்று அதில் நம்பிக்கை இருந்தது.

மூன்றாம் நாள் ஓர் ஓவியரை வைத்துப் படம் வரைந்தோம். ஜெயசீலன் கேட்டது, வரிசையாகப் புது வீடுகளும் அவற்றின் முன்னால் பெட்டி படுக்கையோடு வந்திறங்கும் தம்பதிகளும். பயிற்சியாளர் தலையை ஆட்டினார். "வீட்டைப் பார்த்து யாருக்கும் மனம் இளகாது. குழந்தையைப் போடுங்கள்." ஓவியர் ஒரு குழந்தையைப் போட்டார். "இன்னும் நிறைய." தாள் முழுக்கக் குழந்தைகள் தவழ்ந்தன. கீழே எழுத வேண்டிய ஒரே வாக்கியத்தையும் அவர் ஆங்கிலத்தில் சொல்லி, தமிழில் மாற்றச் சொன்னார். தாம்பரத்துக்குத் தெற்கே மக்கள் பெருகுகிறார்கள்.

"சார், பெருகுகிறார்கள்னா தமிழ்ல வேற அர்த்தம் வரும்" என்றார் ஜெயசீலன். "வந்து சேருகிறார்கள்னு போடலாம்."

"எண்ணிக்கை கூடுகிறதா, இல்லையா?"

"கூடுது சார். ஆனா…"

"இந்த 'ஆனா'தான் எல்லா ஆய்வாளர்களையும் கெடுக்கிறது" என்றார் பயிற்சியாளர், மிகுந்த அன்போடு. நாங்கள் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டோம்.

செங்கல்பட்டில் அதிகாரியின் அறைக்கு வெளியே காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு குழு குளத்தைத் தூர்வாரச் சொல்லவும், இன்னொரு குழு அதே குளத்தை மனைக்கு மாற்றவும் வந்திருந்தது. இரண்டு குழுவினருமே சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். படத்தைப் பார்த்தார், வாக்கியத்தைப் படித்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல எனக்குப் புரியற மாதிரி பேசின ரிசர்ச் ஆளுங்க நீங்கதான். எவ்வளவு க்ளியரா இருக்கு பாருங்க! இதுக்கு உடனே ஆக்‌ஷன் எடுக்கணும்." போனை எடுத்தார். "ஊரப்பாக்கத்துக்கு டீம் அனுப்புங்க. லேடி டாக்டரோட. இந்த வாரமே."

"சார், அது வந்து, இவங்கள்லாம் குடியேறி…" என்று ஜெயசீலன் ஆரம்பித்தார். பயிற்சியாளர் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஒரு நர்ஸுக்காகப் போனோம், லேடி டாக்டரே வருகிறார் என்ற மகிழ்ச்சியில் தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊர் ரொட்டி சானாய்தான் அது; ஆனால் இவர்கள் அதைக் குழம்பில் முழுக்காட்டி விடுகிறார்கள். பக்கத்து மேஜையில் இரண்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று ஜெயசீலனைக் கேட்டேன். "ஊரப்பாக்கத்துல மனை விலை ஏறுதாம். ஜனங்க வந்துகிட்டே இருக்காங்களாம்" என்று மொழிபெயர்த்தார். அதிகாரியைத் தவிர எல்லோருக்கும் அவருடைய ஆய்வு தெரிந்திருந்தது.

குழு வரும் நாளில் நானும் ஜெயசீலனும் வேடிக்கை பார்க்கப் போனோம். ஊருக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கி கேட்டது. ஷாமியானா போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை வேன். அதன் பக்கவாட்டில் தலைகீழான சிவப்பு முக்கோணம்.

ஜெயசீலன் நின்றுவிட்டார். "மேடம், இது ஆபரேஷன் கேம்ப்."

தெருவில் ஒரு ஜீவன் இல்லை. பூசாத வீடுகள் எல்லாவற்றிலும் பூட்டு. கொடியில் துணிகள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன, அத்தனை அவசரம். மைக் பிடித்தவர் தொண்டை வற்றிப்போய் டாக்டரிடம் முறையிட்டார்: "ஆளே இல்ல டாக்டரம்மா. வண்டியப் பாத்ததும் அல்லாரும் வூட்டப் பூட்டிகினு ஸ்டேசன் பக்கம் ஓடிட்டாங்க. பேஜாரா பூட்ச்சு." டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழக்கம் போலிருந்தது.

ஓட முடியாத ஒருத்தி மட்டும் வீட்டில் இருந்தாள். கமலா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு நர்ஸம்மாதானே கேட்டேன் அக்கா? இவங்க கத்தியோட வந்திருக்காங்க."

ஜெயசீலன் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கம்மா" என்றார் கடைசியில். மூன்று வருட உழைப்பு, இந்தத் தெருவில் ஈரத் துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

கமலா நெற்றியை அழுத்திவிட்டுக்கொண்டாள்.

"வந்திருக்கறது லேடி டாக்டரா?"

"ஆமாம்."

"பிரஷர் பாக்கற மெஷின் வெச்சிருப்பாங்களா?"

"வெச்சிருப்பாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைப் போட்டுப் பார்த்தாள், ஏறவில்லை. வெறுங்காலோடு மணலில் நடந்து ஷாமியானாவுக்குப் போனாள். டாக்டர் பத்திரிகையிலிருந்து நிமிர்ந்து, அந்த வயிற்றைப் பார்த்து, "நான் இதுக்கு வரலம்மா" என்றார்.

"தெரியும் டாக்டர். நானும் அதுக்கு வரல" என்றாள் கமலா.

டாக்டர் சிரித்துவிட்டார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, பெஞ்சைக் காட்டினார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தவர் ஒருமுறை பார்த்தார், மறுபடியும் அடித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. வீங்கிய காலை விரலால் அழுத்தினார்.

"தலை வலிக்குதா?"

"ஒரு வாரமா. வெயில்னு நெனச்சேன்."

"வேன எடுங்க" என்றார் டாக்டர். "இந்தப் பொண்ணு இப்பவே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிரஷர் எக்கச்சக்கமா இருக்கு. ஃபிட்ஸ் வந்தா தாயும் இல்ல, கொழந்தையும் இல்ல."

கையோடு ஒரு ஊசி போட்டு, கூட வந்திருந்த நர்ஸையும் ஏற்றினார். கமலாவின் தலை என் மடியில். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் நகரவே இல்லை. முன்சீட்டில் இருந்த மைக்காரர் திடீரென்று ஒலிபெருக்கியைப் போட்டார்: "லாரிக்கார அண்ணே, ஒதுங்கு! பிரசவ கேசு வருது! யோவ் சைக்கிளு, காது கேக்கல? ஒதுங்கிக்கோ!" காலையிலிருந்து அவர் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது சாலையே அவர் பேச்சைக் கேட்டது. கமலா கண்ணை மூடியபடி, "அக்கா, போயிடுவோமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே என்று அவள் சொல்லவில்லை. போயிடுவோம், போயிடுவோம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆராய்ச்சியாளராக என் வாழ்க்கையில் அவ்வளவு ஆதாரமில்லாமல் நான் பேசியதில்லை.

அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் நல்ல குரல். கமலா மறுநாள்தான் கண்விழித்து என்னை அடையாளம் கண்டாள். கிண்டியிலிருந்து ஓடிவந்திருந்த கணவன், மைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

நாங்கள் போன பிறகு ஊரப்பாக்கத்தில் நடந்ததை ஜெயசீலன் சொன்னார். கமலாவின் பக்கத்து வீட்டுச் சரோஜா, ரயில் நிலையத்திலிருந்து மெல்லத் திரும்பி வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். கமலாவை வண்டியில் கொண்டுபோன விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் மற்றவர்களை அழைத்து வந்துவிட்டாள். வேன் இல்லாமல் போக முடியாத டாக்டர், மாலை வரை உட்கார்ந்து, வயிற்றுப்பிள்ளைக்காரிகளையும் கைப்பிள்ளைக்காரிகளையும் வரிசையாகப் பார்த்திருக்கிறார். ஆபரேஷன் செய்துகொண்டவர் யாருமில்லை. முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மேலிடத்தில் கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். எதற்கு வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதுவரை எந்த முகாமுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லையாம்.

நிறைவு விழாவுக்கு அதிகாரிதான் சிறப்பு விருந்தினர். ஊரப்பாக்கத்துப் பெண்களை அதே வேனில் ஏற்றிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் படம் பெரிதாக்கப்பட்டு மேடையின் பின்னால் தொங்கியது. அத்தனை குழந்தைகளும் அதிகாரியின் தலைக்கு மேல் தவழ்ந்தன.

"ஒரே ஒரு படம்" என்றார் அதிகாரி. "ஒரே ஒரு வாக்கியம். ஜனங்க தானாவே முன்வந்துட்டாங்க. இனிமே மாசாமாசம் இந்த வேன் ஊரப்பாக்கத்துக்கு வரும். ஆர்டர் போட்டுட்டேன்." முன்வரிசை கைதட்டியது. பயிற்சியாளரும் தன்னைத்தான் ஏதோ புகழ்கிறார்கள் என்று அனுமானித்துத் தலை வணங்கினார்.

நன்றியுரை ஜெயசீலன். மைக் முன்னால் வந்து நின்றார். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ஒரு வாக்கியத்தைச் சரியாக முடிக்காமல் இறங்க முடியாத அந்தக் குணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு உண்மையச் சொல்லிடணும். அன்னிக்கு வந்த பெண்கள் யாரும் ஆபரேஷனுக்கு வரல. அவங்க அதிகமாப் பெத்துக்கறவங்களும் இல்ல. நாங்க சொன்ன விதம்…"

அதிகாரி எழுந்துவந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியமாகப் பேசினார். பொத்தியது போதவில்லை. ரகசியம் நான்கு மூலையிலிருந்த ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"அதெல்லாம் டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாங்க சார். கர்ப்பிணி செக்கப்புக்குன்னு கேட்டா எனக்கு வண்டி கெடைக்காது. இந்தப் பேர்லதான் கெடைக்கும். இப்ப சொல்லுங்க, வேன் வேணுமா, வேண்டாமா?"

ஜெயசீலன் மைக்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சேலையூரிலேயே வளர்ந்த, பொய் சொல்லிப் பழகாத ஒரு மனிதர் எத்தனை நேரம் அப்படி நிற்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

முன்வரிசையிலிருந்து சரோஜா எழுந்தாள். "வேணும்னு சொல்லுங்க சார்!"

சிரிப்பு அலை அடித்து ஓய்ந்தது.

"வேணும் சார்" என்றார் ஜெயசீலன்.

"அப்ப உக்காருங்க."

"உக்கார்றேன் சார்." ஆனால் அவர் மைக்கை மறுபடி தன் பக்கம் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கும் அதே நிதானத்தில், முன்வரிசையைப் பார்த்து, "இவங்க பெருகல. வந்து சேர்ந்திருக்காங்க. அவ்வளவுதான். நன்றி" என்றார். பிறகு போய் உட்கார்ந்தார்.

அதிகாரிதான் முதலில் கைதட்டினார். என் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் என் காதருகே குனிந்து, என்ன நடக்கிறது, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நன்றி சொன்னார்" என்றேன்.